கோட்டா ராமசாமி: ஆட்டமும் வாழ்வும்

மாலைப் பொழுதில் ராயபுரத்துத் தெருக்களில் நடந்து செல்வோர், சிறுவர் கூட்டம் ஒன்று கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பதைக் காணாமல் ஒரு தெருவையும் கடந்துவிட முடியாது. அச்சிறுவர் கையிலுள்ள மட்டை கிரிக்கெட்டுக்கு உரியது. பந்தோ டென்னிசுக்கு உரியது. தோல் பந்து எதிர்வீட்டுச் சன்னலை உடைக்கும். காலில் பட்டால் எலும்பையும் பதம் பார்க்கும். ஆதலின் டென்னிஸ் பந்தே அவர்கட்கு வாய்த்தது. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் உழைப்போரின் அப்பிள்ளைகளுள் பலர் டென்னிஸ் களத்தை நேரிற் கண்டதில்லை. ஆயினும் அதன் பந்தை அவர்களைவிட நன்கறிந்தவர் யாருமிலர். இவ்விரண்டு ஆட்டங்களையும் ஒரே கையால் ஆண்டு, இரண்டிலும் இந்திய நாட்டின் சார்பில் களமிறங்கிய பெருமகனார் ஒருவர் நம் சென்னை மாநகரில் பிறந்து வாழ்ந்தார். அவரே கோட்டா ராமசாமி ஆவார்.

அவர் 1896ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார், சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை எனப் போற்றப்பெறும் புச்சிபாபு நாயுடு. பாரி நிறுவனத்தில் துபாஷாக விளங்கிப் பெரும்பொருள் ஈட்டிய குடும்பத்தில் வளர்ந்தவர் புச்சிபாபு. செல்வம் இருந்தும் ஒன்று மட்டும் அவர் நெஞ்சை உறுத்திற்று. சேப்பாக்கம் மைதானம் அந்நாளில் வெள்ளையர் மன்றத்தின் வசம் இருந்தது. அங்கு ஆடச் சென்ற இந்தியர் ஆட்டக்காரர் தங்கும் கூடத்தினுள் நுழைய இயலாது. மரநிழலில் அமர்ந்தே உணவு கொள்ளவேண்டும். இவ்விழிவைக் கண்டு மனம் பொறாத புச்சிபாபு 1888ஆம் ஆண்டு மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்னும் மன்றத்தை நிறுவி, வசதியற்ற இளைஞர்க்கும் மட்டையும் உடையும் வழங்கிப் பயிற்றுவித்தார். இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் நேருக்கு நேர் மோதவேண்டும் என்பது அவர் கனவு. 1908ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது ராமசாமிக்கு வயது பன்னிரண்டு. தாய்வழிக் குடும்பத்திற்குத் தத்தாகச் சென்றமையால் அவர் பெயருக்கு முன் கோட்டா என்னும் குடும்பப் பெயர் அமைந்தது.

தந்தையின் கனவு 1915-16ஆம் பருவத்தில் நிலைபெற்றது. மாகாணப் போட்டி என்னும் பெயரால் இந்தியரும் ஐரோப்பியரும் பொங்கலையொட்டி ஆண்டுதோறும் சேப்பாக்கத்தில் மோதும் வழக்கம் வேரூன்றியது. அதில் ராமசாமியும் களம் கண்டார். ஈண்டு ஒன்று கூறாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. அதே காலத்தில் பம்பாயில் நடைபெற்ற பெரும்போட்டியில் இந்துக்கள் ஓர் அணியாகவும், முஸ்லிம்கள் ஓர் அணியாகவும், பார்சிகள் ஓர் அணியாகவும் பிரிந்து ஆடினர். சென்னையிலோ இந்தியர் என்னும் ஒரே அணிதான் இருந்தது. எம்மதத்தவர் என்று கேட்டு யாரும் அதில் இடம் பெறவில்லை. நம் நகரம் பெருமை கொள்ளத்தக்க செய்திகளுள் இதனை முன்னிறுத்தலாம் என்பது என் கருத்து.

மாநிலக் கல்லூரியில் பயின்ற ராமசாமி, 1919ஆம் ஆண்டு மேற்படிப்பிற்காகக் கேம்பிரிட்ஜ் சென்றார். கிரிக்கெட் குடும்பத்துப் பிள்ளைக்கு அங்குப் பெயர் தேடித் தந்தது டென்னிஸ். பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆடியதோடு, 1922ஆம் ஆண்டு விம்பிள்டன் போட்டியிலும் பங்கேற்றார். விம்பிள்டன் இன்றுள்ள புதிய இடத்திற்கு மாறிய முதல் ஆண்டு அது. அவ்வாண்டே டேவிஸ் கோப்பைக்கான இந்திய அணியிலும் இடம் கிடைத்தது. இரட்டையர் ஆட்டத்தில் அவருக்குத் துணையாக நின்றவர் பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ஏ. எச். ஃபைசி. இஸ்லாமியச் சட்ட நூலாசிரியராகப் புகழ்பெற்ற ஆசப் அலி அஸ்கர் ஃபைசியும் அதே குடும்ப மரபினரே. இந்தியா ருமேனியாவை வென்று, அடுத்த சுற்றில் ஸ்பெயினிடம் தோற்றது.

இன்றைய மாணவர்க்கு இதனை விளக்கிச் சொல்லவேண்டும். விம்பிள்டனில் தொழில்முறை வீரர்க்கு 1968ஆம் ஆண்டு வரை இடமில்லை. பரிசுப் பணம் என்ற பேச்சும் இல்லை. ஆடுபவர் தம் கைப்பொருளைச் செலவிட்டே ஆடவேண்டும். ஆட்டம் பிழைப்பாக இயலாது. எனவே செல்வர் வீட்டுப் பிள்ளைகட்கே அது எட்டிற்று. ராயபுரத்துத் தொழிலாளி ஒருவர் எத்துணைத் திறம் பெற்றிருப்பினும் அக்களத்தினுள் கால்வைத்திருக்க வழியில்லை. ராமசாமியும் ஆட்டத்தால் வயிறு வளர்த்தவரல்லர். தாயகம் திரும்பியபின் சென்னை மாகாண அரசின் வேளாண்மைத் துறையில் பணியாற்றினார். பணி தந்த ஓய்வில் ஆடினார்.

ஆண்டுகள் உருண்டன. பெரும்பாலோர் மட்டையைப் பரணில் ஏற்றிவிடும் வயதில், 1936ஆம் ஆண்டு இங்கிலாந்து செல்லும் இந்தியக் கிரிக்கெட் அணிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அணித்தலைவர் விஜயநகரம் இளவல் விஜி. அப்பயணம் பூசல்களுக்கே பேர்பெற்றது. லாலா அமர்நாத் இடையிலேயே தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அவ்வணியில் சென்னையைச் சேர்ந்த எம். ஜே. கோபாலனும் இருந்தார். பெர்லின் ஒலிம்பிக்கில் வளைகோல் பந்தாட்ட அணியில் சேரும் வாய்ப்பைத் துறந்து கிரிக்கெட்டைத் தெரிந்துகொண்டவர் அவர். அங்கே வளைகோல் அணி தங்கம் வென்றது. இங்கே கோபாலனுக்கு ஒரு டெஸ்டிலும் இடம் கிட்டவில்லை. அவரினும் பதின்மூன்று ஆண்டு மூத்தவரான ராமசாமிக்கோ கிட்டியது.

மான்செஸ்டர் நகரில் இரண்டாம் டெஸ்ட் சூலை 25ஆம் நாள் தொடங்கியது. நாற்பது வயது நிறைந்து முப்பத்தொன்பது நாள் கடந்த நிலையில் அவர் முதன்முதலாக டெஸ்ட் களத்தில் இறங்கினார். இந்தியா முதலில் 203 ஓட்டங்களில் சுருண்டது. அவற்றுள் 40 அவருடையவை. இங்கிலாந்து 571 ஓட்டங்களைக் குவித்து ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. இந்தியா தோற்றே தீரும் என்றிருந்த வேளையில், விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் தொடக்க இணையாக 203 ஓட்டங்கள் சேர்த்தனர். முஷ்டாக் அலி அடித்த 112, அயல்மண்ணில் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் டெஸ்ட் சதமாகும். அவர்கள் இட்ட அடித்தளத்தின்மீது இடக்கை ஆட்டக்காரரான ராமசாமி 60 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அடுத்து ஓவல் மைதானத்தில் 29 ஓட்டங்களும், ஆட்டமிழக்காமல் 41 ஓட்டங்களும் சேர்த்தார். இரண்டே டெஸ்டுகள், நான்கு இன்னிங்ஸ், 170 ஓட்டங்கள், சராசரி 56க்கும் மேல். இருபத்தைந்து வயதில் அழைத்திருப்பின் என்னவாகியிருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்த வயதில் இந்தியாவுக்கு டெஸ்ட் தகுதியே இல்லை. முதல் டெஸ்ட் 1932இல்தான் நிகழ்ந்தது.

இரண்டு ஆட்டங்களிலும் திளைத்தவர் அக்காலத்தில் வேறு சிலரும் இருந்தனர். ஐதராபாத்தின் சையத் முகமது ஹாதி டேவிஸ் கோப்பையில் ஆடியவர். ரஞ்சிக் கோப்பையின் முதல் சதத்தையும் அவரே அடித்தார். அதுவும் சென்னை அணிக்கு எதிராக! ஆனால் ஹாதிக்கு டெஸ்ட் வாய்க்கவில்லை.

ராமசாமி பின்னர் தேர்வுக்குழுவிலும் பணியாற்றினார். 1952-53இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராகவும் விளங்கினார். தம் வாழ்க்கை நினைவுகளை ஆங்கிலத்தில் நூலாக எழுதி, அதன் தலைப்பிலேயே தம்மை விளையாட்டுப் பித்தர் என்று அறிவித்துக்கொண்டார். அந்நூல் இதுவரை தமிழாக்கப்படாதிருப்பின் நம் துறை மாணவருள் ஒருவர் அதனை மேற்கொள்ளலாம்.

1985ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள். எண்பத்தொன்பது வயது முதியவர் சென்னையில் தம் இல்லத்தினின்று வெளியே சென்றார், திரும்பவில்லை. நடந்தது இன்னதென்று இன்றுவரை துலங்கவில்லை. காணாமற்போனவரை ஃபிக்ஹ் நூல்கள் மஃப்கூத் எனக் குறிக்கும். அவருடைய உடைமை குறித்தும் மனைவி மக்கள் குறித்தும் எவ்வளவு காலம் காத்திருப்பது என்று இமாம்கள் விரிவாக ஆய்ந்துள்ளனர். நம் நாட்டுச் சாட்சியச் சட்டமோ ஏழாண்டு என வரையறுத்தது. கிரிக்கெட் ஆண்டுநூலான விஸ்டன் அவ்வளவு காலம் பொறுக்கவில்லை. 1990 முதற்கொண்டு அவர் இறந்திருக்கக்கூடும் என்றே பதிவு செய்தது. டெஸ்ட் வீரர் பட்டியலில் பிறந்த நாளுக்கு எதிரே எழுதுதற்கு, அவர் இறந்த நாள் எவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.