வேர்களை ஆராய்ந்த மர்ஹூம் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ்

முன்னோர் யாவர், எங்கிருந்து வந்தனர் என்னும் கேள்வி ஒரு சமுதாயத்தின் உரிமையையே தொட்ட காலமொன்று இருந்தது. அப்போது எழுதுகோல் ஏந்திய பெரியார் ஒருவரை இம்மலரில் நினைவுகூர்கின்றோம்.

இத்ரூஸ் லெப்பை மரிக்கார் அப்துல் அஸீஸ் அவர்கள் 1867ஆம் ஆண்டு பிறந்தார்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இலங்கைச் சோனகர் சமுதாயத்தவர், பத்திரிகையாளர், சோனகர் சங்கத்தின் தலைவராக விளங்கியவர்.

அவர்கள் இளைஞராயிருந்த 1888ஆம் ஆண்டில், இலங்கைச் சட்டசபையின் தமிழ் உறுப்பினர் பொன்னம்பலம் இராமநாதன் ஆய்வுரை ஒன்றை வழங்கினார். சோனகரின் மொழி, மணச்சடங்கு, தோற்றம் ஆகியவற்றைக் காட்டி, அவர்கள் இஸ்லாத்தைத் தழுவிய தமிழரே என வாதிட்டார். முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் வேண்டுமா என்பது பேசப்பட்ட வேளை அது. 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஆயினும் வாதம் ஓயவில்லை.

1907இல் அப்துல் அஸீஸ் ஆங்கிலத்தில் மறுப்பு நூலொன்றை வெளியிட்டார்கள். முதலில் குடியேறியோர் அரபியரே என்னும் வழிவழிச் செய்தியை அதில் நிலைநாட்ட முயன்றார்கள். மொழி ஒன்றே மூதாதையரைக் காட்டிவிடாது. கடல் கடந்து வந்த வணிகர் இம்மண்ணின் பெண்களை மணந்தனர். அதனால் தமிழ் அவர்தம் இல்லங்களில் குடிகொண்டது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். 1915இல் அவர்கள் மறைந்தார்கள். நூல் 1957இல் மீண்டும் அச்சேறியது.

இருவர் எழுத்திலும் அக்கால அரசியலின் சாயல் படிந்திருந்ததை இன்றைய ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர். ஒருவர் தந்தைவழியைச் சுருக்கினார். மற்றவர் அதனையே உயர்த்தினார். குடும்பத்திற்கோ இருவழியும் வேர்களே.

கல்வெட்டின் அருமையை நம் திருப்புலிவனத்தார் நன்கறிவர். அருகிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறை, 1100 ஆண்டுகள் கடந்தும் கல்லெழுத்தால் அறியப்படுகிறது. நம் குடும்பச் செய்திகளோ முதியோர் நினைவிலும், நிகாஹ் பதிவேட்டிலும், பழைய பத்திரங்களிலுமே தங்கியுள்ளன. முதியவர் ஒருவரை அடக்கிவிட்டுத் திரும்புகையில், அவர் மட்டுமே அறிந்த பெயர்களையும் அங்கேயே விட்டு வருகின்றோம்.

ஆதலின் ஒவ்வொரு வீட்டாரும் தாய்வழி, தந்தைவழிப் பாட்டன் பாட்டிமார் பெயரையும் ஊரையும் எழுதி வைப்பார்களாக. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை நோக்குவதுபோல, யாரிடம் கேட்டோம் என்பதையும் குறிப்பார்களாக. தந்தையல்லாதவரைத் தந்தையென உரிமை கொண்டாடுவதை மார்க்கம் கடுமையாக விலக்கியுள்ளது. எனவே பெருமைக்காக இல்லாத வமிசத்தைப் புனைதல் தகாது. முன்னோர் அரபு வணிகராயினும், ஆற்காட்டு நவாபின் படைவீரராயினும், ஏர்பிடித்து இம்மண்ணிலேயே கலிமா மொழிந்தவராயினும், நமக்கு ஈமானைச் சேர்ப்பித்தவர் அவர்களே.

அவர்கள் அனைவரின் கபர்களையும் அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.