கரைசலுக்குள் அயனிகளைக் கண்டவர்

சர்க்கரையை நீரில் கரைத்தாலும் உப்பை நீரில் கரைத்தாலும் கண்ணுக்குத் தெரிவது தெளிந்த கரைசலே. ஆயினும், சர்க்கரைக் கரைசல் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. உப்புக் கரைசல் நன்கு கடத்துகிறது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் கண்டவர் சுவீடன் நாட்டு அறிவியலறிஞர் சுவாந்தே அரீனியஸ்.

இவர் 1859ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் உப்சாலா நகருக்கு அருகிலுள்ள விக் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தையார் நில அளவையாளர். மூன்று வயதிலேயே தாமாக எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய அரீனியஸ், தந்தையாரின் கணக்கேடுகளைப் பார்த்தே எண்களோடு உறவு கொண்டார். உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற பின், 1881இல் ஸ்டாக்ஹோம் சென்று இயற்பியலறிஞர் எட்லண்டிடம் கரைசல்களின் கடத்துதிறனை ஆராய்ந்தார்.

மின்சாரம் பாயும்போதுதான் கரைபொருள் அயனிகளாகப் பிரிகிறது என்பது அக்காலத்தில் பரவியிருந்த கருத்து. அரீனியஸின் அளவீடுகளோ வேறு திசையைக் காட்டின. கரைசலை நீர்க்கச் செய்யச் செய்ய, கரைபொருளின் ஒவ்வொரு பங்கும் மின்சாரத்தை மேலும் திறம்படக் கடத்தியது. கரைபொருளில் ஒரு பகுதியே மின்சாரத்தைக் கடத்துகிறது என்றும் கரைசல் நீர்க்குந்தோறும் அப்பகுதி பெருகுகிறது என்றும் அவர் கருதினார். இக்கருத்தை 1884இல் ஆய்வேடாக உப்சாலாவில் அளித்தார். பேராசிரியர்கள் அதை ஏற்கத் தயங்கினர். மிகத் தாழ்ந்த தரமே கிடைத்தது. அத்தரத்தோடு பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி பெறுதல் அரிது. இருபத்தைந்து வயதில் அவரது எதிர்காலமே கேள்விக்குறியாயிற்று.

அரீனியஸ் சோர்ந்துவிடவில்லை. ஆய்வேட்டின் படிகளை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ரீகா நகரிலிருந்த ஆஸ்வால்டு, அமிலங்களின் வினைவேகம் குறித்துத் தாம் கண்ட அளவுகள் அந்த ஆய்வேட்டின் கடத்துதிறன் அளவுகளோடு ஒத்திருப்பதைக் கண்டு வியந்தார். உப்சாலாவிற்கே நேரில் வந்து அவ்விளைஞரைச் சந்தித்தார். அதன்பின் உப்சாலாவில் அரீனியஸுக்குப் பணி கிடைத்தது. பயண உதவித்தொகை பெற்று ஐரோப்பிய ஆய்வகங்களில் பணியாற்றும் வாய்ப்பும் அமைந்தது.

1887இல் அவரது கொள்கை முழுவடிவம் பெற்றது. உப்பு நீரில் கரைந்தவுடனேயே, மின்சாரம் பாயாத நிலையிலும், நேர்மின் அயனிகளாகவும் எதிர்மின் அயனிகளாகவும் பிரிந்துவிடுகிறது என்றார். சோடியம் நீரோடு கடுமையாக வினைபுரிவது. குளோரின் நச்சு வாயு. இவ்விரண்டும் உப்புநீரில் தனித்தனியே எவ்வாறு அமைதியாக இருக்கும் என எதிர்ப்பாளர்கள் வினவினர். மின்னூட்டம் பெற்ற அயனியின் பண்பும் மின்னூட்டமற்ற அணுவின் பண்பும் வேறானவை என்பதே அதற்குரிய விடை.

உறைநிலையும் அவருக்குச் சான்று பகர்ந்தது. உறைநிலை எவ்வளவு தாழும் என்பது கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு கிலோகிராம் நீரில் ஒரு மோல் வீதம் சர்க்கரை கரைந்த நீர்த்த கரைசலில் இத்தாழ்வு ஏறத்தாழ 1.86 பாகை செல்சியஸ் வீதமாகும். அதே வீதத்தில் சோடியம் குளோரைடைக் கரைத்தால் தாழ்வு ஏறத்தாழ இருமடங்காகிறது. கால்சியம் குளோரைடைக் கரைத்தால் மும்மடங்கை நெருங்குகிறது. முன்னது இரண்டு அயனிகளாகவும் பின்னது மூன்று அயனிகளாகவும் பிரிவதே காரணம். வாண்ட் ஹாஃப் கண்ட கரைசல் விதிகளுக்கு மாறாகத் தோன்றிய அளவுகளுக்கு இவ்வாறு விளக்கம் கிடைத்தது.

தாழ்ந்த தரம் பெற்ற அதே சிந்தனைக்காக 1903இல் வேதியியல் நோபல் பரிசு அரீனியஸை வந்தடைந்தது. சுவீடன் நாட்டவர் ஒருவர் நோபல் பரிசு பெற்றது அதுவே முதன்முறை. வளிமண்டலக் கரியமில வாயு பெருகினால் புவி வெப்பமடையும் என்பதை 1896லேயே கணக்கிட்டுக் காட்டியவரும் அவரே.

வலிமைமிகு மின்பகுளிகளுக்கு அவரது கொள்கை முற்றிலும் பொருந்தவில்லை. அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதைக் கணக்கில் கொண்டு, டெபையும் ஹியூக்கலும் 1923இல் அதனைத் திருத்தி வளர்த்தனர். அரீனியஸ் 1927ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் மறைந்தார். ஆயினும், அமிலம் என்பது நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது என்னும் அவரது வரையறையிலிருந்தே இன்றும் மாணவர்கள் அமில காரப் பாடத்தைத் தொடங்குகின்றனர்.