மருத்துவப் பெருந்தகை அயோத்திதாசப் பண்டிதர்

தாம்பரம் சானடோரியம் இரயில் நிலையத்தை அடுத்து தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அமைந்துள்ளது. சேலையூர், இரும்புலியூர், பெருங்களத்தூர், பல்லாவரம் ஆகிய பகுதிகளிலிருந்து நம் மக்கள் மூட்டுவலிக்கும் தோல் நோய்க்கும் ஓயாத சளிக்கும் மருந்து நாடி நாள்தோறும் அங்குச் செல்கின்றனர். அவ்வளாகத்தில் உள்ள மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனை என்று பெயர். அப்பெயருக்கு உரியவர் யார் என்று வரிசையில் நின்ற இளைஞர் சிலரை நாம் ஒருமுறை வினவினோம். நிலம் கொடுத்த செல்வராயிருக்கலாம் என்றார் ஒருவர். பழங்காலத்துச் சித்தர்களுள் ஒருவர் என்றார் இன்னொருவர். தம் பாட்டனார் முறையினரான ஒருவரின் பெயர் தாங்கிய வாயிலைக் கடந்து செல்கிறோம் என்பதை அவர்கள் அறிந்திலர். குறை அவர்களுடையதன்று, நாம் சொல்லாமல் விட்டதே குறை. ஆதலின் நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் அப்பெருமகனாரின் வாழ்வைச் சிறிது எழுதத் துணிந்தோம்.

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் சென்னையில் ஒடுக்கப்பட்ட குடியொன்றில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராகப் பணியாற்றியவர். தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அவர் தம் துரையிடம் கொடுக்க, அது எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றது என்று பண்டிதரே பதிவு செய்துள்ளார். தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிய வீட்டில் ஓலைச்சுவடிகள் இருந்தன என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். தமிழும் வைத்தியமும் அவ்வீட்டிற்குப் புதியன அல்ல.

இளமையில் அவர் கவிராஜ அயோத்திதாச பண்டிதர் என்னும் ஆசானிடம் கல்வி கற்றார். ஆசான்மேல் கொண்ட பற்றினால் தம் பெயரை நீக்கி ஆசானின் பெயரையே பூண்டார். குடும்பம் நீலகிரியில் வாழ்ந்தமையால் 1870களில் அங்கு அத்வைதானந்த சபையை நிறுவினார். 1885இல் ஜான் இரத்தினம் என்பாரோடு சேர்ந்து திராவிட பாண்டியன் இதழையும், 1891இல் திராவிட மகாஜன சபையையும் தோற்றுவித்தார். 1892இல் சென்னை மகாஜன சபையின் கூட்டத்தில் நம் மக்களுக்குக் கோயில் நுழைவும் இலவசக் கல்வியும் தரிசு நிலமும் வேண்டினார். கோயில் என்றவுடன் கூட்டம் வெகுண்டது. கல்வியும் நிலமும் மட்டும் தீர்மானத்தில் ஏறின. கர்னல் ஆல்காட் அடையாற்றில் 1894இல் தொடங்கிய இலவசப் பள்ளிக்குப் பின்னும் பண்டிதரின் முயற்சி நின்றது. 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ஒரு பைசாத் தமிழன் வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின் அது தமிழன் என்று பெயர் சுருங்கி, அவர் மறையும்வரை தொடர்ந்து நடந்தது. நம் பகுதியை ஒட்டிய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் பண்டிதரின் மைத்துனர் என்பதையும் ஈண்டுக் குறித்து வைக்கிறோம்.

இவையெல்லாம் அவருடைய பொதுவாழ்வு. அவர் பிழைத்தது மருத்துவத்தால். நாடி பார்த்தலும், கல்வத்தில் மருந்தரைத்தலும், குடிநீர் காய்ச்சலும், தைலம் வடித்தலும் அவருடைய அன்றாடத் தொழில். தமிழ்த்தென்றல் திரு.வி.க. அவர்கள் இராயப்பேட்டையில் சிறுவராயிருந்த காலத்தில் முடக்கு நோயால் வருந்தியபோது, அவருக்கு மருத்துவம் செய்து நலம் தந்தவர் பண்டிதரே. திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் இதை நன்றியுடன் எழுதியுள்ளார். மேல்சாதியினர் எனப்பட்ட குடும்பங்களும் நோயுற்ற வேளையில் பண்டிதரின் கையைத் தீண்டின, மருந்தைப் பெற்றன. தீண்டாமை என்பது வேண்டும்போது நீங்கி வேண்டாதபோது திரும்பும் நோயாகவே அன்றும் இருந்திருக்கிறது.

மருத்துவர் என்ற நிலையிலேயே அவர் விழாக்களையும் பார்த்தார். நாம் பலமுறை படித்து மகிழ்ந்த பகுதி இது. தீபாவளிக்கு நரகாசுரன் கதையை அவர் ஏற்றாரில்லை. பௌத்த அறிஞர் எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டு, அதன் மருத்துவக் குணத்தை ஆராய்ந்து உணர்ந்தபின், மக்கள் அனைவரும் அந்நெய்யைத் தேய்த்துத் தீபவதி என்னும் ஆற்றில் நீராடிய நன்னாளே தீபாவளி என்று அவர் விளக்கினார். கார்த்திகைத் தீபத்தையும் ஆமணக்கு நெய்யைக் கண்டுபிடித்து விளக்கேற்றிய நாளாகக் கொண்டார். வரலாற்று ஆசிரியர்கள் இதனை ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டால், பெரும்பாலோர் ஒப்பார். நாமும் அதற்காக வாதாட முன்வரவில்லை. ஆயினும் ஒரு கொலையைக் கொண்டாடும் நாளை, ஒரு மருந்தைக் கொண்டாடும் நாளாக மாற்றிப் பார்த்த உள்ளம் எத்தகையது என்பதை எண்ண வேண்டும். எண்ணெய் முழுக்கும் விளக்கும் அவருக்குச் சடங்குகள் அல்ல. பேதி மருந்தும் வெளிச்சமும் தோலின் நலமும் ஆகும்.

சித்த மருத்துவம் உடலின் எதிர்ப்பாற்றலை வன்மை என்ற சொல்லால் குறிக்கும். பிறப்பில் அமைவது இயற்கை வன்மை. பருவத்தாலும் வயதாலும் கூடிக் குறைவது கால வன்மை. உணவாலும் ஒழுக்கத்தாலும் மருந்தாலும் நாமே தேடிக்கொள்வது செயற்கை வன்மை. தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதிகள் இம்மூன்றாவதைப் பற்றியனவே. நீரைக் காய்ச்சிப் பருகுதல், மோரை நீர்பெருக்கி உண்ணுதல், நெய்யை உருக்கி உண்ணுதல், பழங்கறியைத் தவிர்த்தல், பசித்தபின் உண்ணுதல், நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுகுதல் என அவை விரியும். நம் பாட்டிமார் சுவடி படித்தவர்கள் அல்லர். எனினும் மிளகும் சுக்கும் தூதுவளையும் முருங்கைக் கீரையும் அடுப்பங்கரையில் வைத்தே இவ்விதிகளைக் காத்தனர். நம் சேரிகளின் மருத்துவச்சியர், ஊரெல்லாம் பிள்ளைப்பேறு பார்த்துவிட்டுப் புறக்கடை வழியே திரும்பி வந்தனர்.

ஆனால் விதியை மட்டும் உரைத்து நின்றிருந்தால் பண்டிதர் நூற்றுள் ஒரு வைத்தியராகவே இருந்திருப்பார். சுத்த நீரைக் காய்ச்சிக் குடி என்று சொல்வதற்கு முன், சுத்த நீர் எங்கே என்று அவர் கேட்டார். நல்ல கிணற்றிலும் குளத்திலும் நீர் மொள்ளவிடாமல் தடுத்தார்கள். வண்ணார் துணி வெளுக்கக்கூடாதென்றும் நாவிதர் முடி திருத்தக்கூடாதென்றும் ஊர்க் கட்டுப்பாடு செய்தார்கள். அரைவயிற்றுக் கூலி கொடுத்தார்கள். அவ்வாறு மெலிவித்து அழுக்கேற்றியபின் அசுத்தர் என்று இகழ்ந்தார்கள். தமிழன் ஏட்டில் அவர் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டிய கருத்து இது. அழுக்கு நம் பிறப்பின் குணமன்று, நம்மேல் செய்யப்பட்ட செயல் என்பதே அதன் சாரம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். பசித்த உடலையும் கெட்ட நீர் பருகிய உடலையும் காலரா எளிதில் வீழ்த்தியது. அவர் மறைந்து 13 ஆண்டுகள் சென்று, 1927இல் அண்ணல் அம்பேத்கர் மகாட் குளத்தில் இறங்கி நீர் பருகியதும் இதே வழக்கின் தொடர்ச்சியே. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்ததும், முதலில் குழந்தைகள் நோயுற்றதும் நம் இளைஞர் அறிந்த செய்தியே.

இனிப் பண்டிதரின் பெயர் வந்து சேர்ந்த மண்ணைப் பற்றியும் கூறவேண்டும். 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்பார் தாம்பரத்தில் காசநோய்ச் சானடோரியத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தில் திறந்தவெளி மருத்துவம் நடத்திப் பேர்பெற்றவர் அவர். காசத்திற்கு நேரான மருந்து அன்று உலகிலேயே இல்லை. தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவற்றால் உடலின் வன்மையைப் பெருக்கி நோயை வெல்ல முயல்வதே மேனாட்டு மருத்துவரும் செய்யக்கூடியதாயிருந்தது. 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் காசத்தைக் கொல்லும் மருந்துகள் வந்தன. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டிலிருந்து மருந்துண்டோரையும் சானடோரியத்தில் தங்கி மருந்துண்டோரையும் ஒப்பிட்டு நோக்கி 1959இல் முடிவை வெளியிட்டது. நெரிசலான வீட்டில் எளிய உணவு உண்டோரும், மருந்தை ஒழுங்காக உண்டமையால், ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். ஏழைக்கு இது பெருஞ்செய்தி.

இதை ஏன் சொல்கிறோம்? நல்ல பழக்கம் ஒன்றே போதும் என்று சிலர் கூறுகின்றனர். மூலிகையெல்லாம் மூடத்தனம் என்று வேறு சிலர் கூறுகின்றனர். இருவர் பேச்சையும் நம்பி ஏமாறக் கூடாது. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு இலவசமாக அளிக்கும் காசநோய் மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது. நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என 9 சரக்குகள் உண்டு. டெங்கு பரவிய காலத்தில் அரசே அதை வழங்கியது. 2020இல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீர் தெருத்தெருவாக வழங்கப்பட்டது. குடித்தோம், நன்று. ஆனால் 2021இல் தடுப்பூசி வந்தபின், கசாயம் குடித்தோமே, ஊசி எதற்கு என்று நம்மவர் சிலர் ஒதுங்கியது பெரும்பிழை. தடுப்பூசியின் இடத்தைக் குடிநீர் பெறாது. காய்ச்சலில் வயிற்றுவலியோ இரத்தக்கசிவோ கண்டால் மருத்துவமனைக்கே ஓட வேண்டும். பாதரசம் முதலிய உலோகங்கள் சேர்ந்த பற்பமும் செந்தூரமும் பதிவு பெற்ற சித்த மருத்துவர் கையால் அன்றிக் கடையில் வாங்கி உண்ணத்தக்கன அல்ல. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை உண்போர், உண்ணும் மருந்தை இருதரப்பு மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பண்டிதர் தழுவிய பௌத்தத்தின் ஐந்தாம் சீலம் மதியை மயக்கும் பொருளை விலக்கச் சொல்வது. நம் தெருக்களில் கூலிப்பணம் மாலையில் எங்குப் போகிறது என்பதை அறிந்தோர் இதனைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியபோது, கழிவுநீரும் குடிநீரும் ஒன்றாயின. அந்நாளில் தண்ணீர் லாரியின் பின்னே குடத்தோடு ஓடிய தாய்மாரை நாம் கண்டோம். காய்ச்சிக் குடிக்கும்படி அறிவுரை கூறியவர்களும் வந்தனர். அடுப்பு நனைந்து கிடந்தது. பண்டிதர் கேட்ட கேள்வி அப்போது நம் நினைவுக்கு வந்தது.

1914ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் பண்டிதர் காலமானார். அவருடைய எழுத்துகள் பல ஆண்டுகள் பழைய ஏடுகளில் உறங்கின. 1999இல் ஞான. அலாய்சியஸ் அவர்கள் அவற்றைத் தொகுத்து அயோத்திதாசர் சிந்தனைகள் என வெளிக்கொணர்ந்தபின்பே நம் தலைமுறை அவரைப் படிக்கத் தொடங்கியது. 2005இல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது; அவ்வாண்டே இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2023இல் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது. தாம்பரத்திலிருந்து மின்சார இரயிலில் ஏறினால் கிண்டி அரைமணி நேரப் பயணமே. விழா முடிந்த அடுத்த ஞாயிறன்று நம் கழகப் பள்ளிப் பிள்ளைகளை முதலில் சானடோரியத்திற்கும், பின்னர் அம்மண்டபத்திற்கும் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம்.