தீர்மானத்தை நடத்திக் காட்டிய குபேர்

நாம் மாலையில் நடக்கும் கடற்கரைச் சாலைக்குப் பெயர் கொடுத்தவர் எதுவார் குபேர் (1894-1979). வெகுகாலம் பிரெஞ்சு ஆதரவாளர், 1951-ல் பாரிஸ் நாடாளுமன்ற உறுப்பினர். கட்சி மாறியவர் என்று இன்றும் குறை சொல்வார்கள்.

1954 மார்ச் 18-ல் புதுச்சேரியும் சுற்றியுள்ள கொம்யூன்களும் இந்தியாவோடு இணையத் தீர்மானம் போட்டன. மினிட் புத்தகத்திலேயே தூங்கும் தீர்மானங்களை நம் சங்கத்திலும் பார்த்திருக்கிறோம்! குபேர் தூங்க விடவில்லை. பாகூர் பக்கம் நெட்டப்பாக்கம் போனார். சுற்றிலும் இந்திய எல்லை. பிரெஞ்சு போலீஸ் எளிதில் வர முடியாது. மாதக் கடைசியில் அங்கே இந்தியக் கொடி ஏறியது, தற்காலிக அரசும் அமைந்தது.

அக்டோபர் 18-ல் வில்லியனூர் அருகே கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1963-ல் குபேர் முதலமைச்சரானார்.

கீழூரில் நினைவு மண்டபம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் போய் வரலாம்.