பர்னருக்குப் பின்னால் ஒரு மனிதர்

கெமிஸ்ட்ரி லேபில் பற்ற வைக்கிறோமே பன்சன் பர்னர், அதற்குப் பேர் கொடுத்த ராபர்ட் பன்சன் 1811-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிறந்தவர். ஆர்சனிக் சேர்மங்களை ஆராயும்போது வெடித்து வலது கண் பார்வையே போச்சு. விஷத்தில் உயிர் தப்பியதே பெரிசு. மனுஷன் லேபை விடவில்லை!

புகையும் நிறமும் இல்லாத சுடர் வேண்டுமென்று அவர் கேட்க, 1855-ல் அதைச் செய்து கொடுத்தவர் ஹைடல்பர்க் பல்கலைக்கழக மெக்கானிக் பீட்டர் டெசாகா (நம்ம ஆள் மாதிரி!). பன்சன் காப்புரிமை வாங்கவேயில்லை.

அந்தச் சுடரில் உப்பைக் காட்டி, வந்த ஒளியை நண்பர் கிர்க்காஃபின் யோசனைப்படி முப்பட்டகத்தில் பிரித்தார்கள். இதுதான் ஸ்பெக்ட்ராஸ்கோப். 1860-ல் டர்க்ஹைம் ஊற்று நீரின் உப்பில் அதுவரை யாரும் காணாத இரண்டு நீலக் கோடுகள் தெரிந்தன. சீசியம்! சில கிராம் உப்புக்காகச் சுமார் 40 டன் தண்ணீரைக் காய்ச்சினார், அந்த ஒற்றைக் கண்ணர்.