ஆசானாய் அமைந்த தந்தை: சுபேதார் இராம்ஜி சக்பால்

அண்ணல் அம்பேத்கரின் திருவுருவப் படம் இல்லாத இல்லம் நம் மக்களிடையே அரிது. அவர் பெற்ற பட்டங்களை நம் பிள்ளைகள் தடையின்றி ஒப்புவிப்பர். ஆயினும், அப்பட்டங்களுக்கெல்லாம் கால்கோள் இட்டவரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. அவரே அண்ணலின் தந்தையாராகிய சுபேதார் மேஜர் இராம்ஜி மாலோஜி சக்பால். கல்விப் பணிக்கென்றே தோன்றிய நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், ஓய்வுபெற்ற அந்தப் படை அதிகாரியின் வாழ்வை இளைஞர்கள் முன் வைப்பது பொருத்தம் எனக் கருதுகிறோம்.

இராம்ஜியின் முன்னோர் ஊர் மகாராட்டிரத்தின் இரத்தினகிரி மாவட்டத்திலுள்ள அம்படவே. தந்தை மாலோஜி படையில் பணியாற்றியவர். மனைவி பீமாபாயும் ஒரு சுபேதாரின் மகள். மகர் குலத்தார் ஊர்ப் பள்ளியின் வாயிலை மிதிக்க இயலாத காலம் அது. அவர்களுக்கு எழுத்தறிவு கிட்டிய இடம் இராணுவமே. படைவீரர்களின் ஆண், பெண் குழந்தைகள் யாவரும் படிக்க வேண்டும் என்ற ஏற்பாடு அங்கு இருந்தது. அப்பள்ளிகளுக்கு ஆசிரியர்களை ஆயத்தம் செய்யப் புனாவில் ஒரு பயிற்சிப் பள்ளியும் இருந்தது. அதில் பயின்று ஆசிரியச் சான்று பெற்ற இராம்ஜி, 14 ஆண்டுகள் இராணுவப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார். மாவ் என்னும் இராணுவ நகரில் அவர் பணியாற்றியபோது, 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று, அவருடைய 14-ஆவது குழந்தையாகப் பீமராவ் பிறந்தார்.

அடுத்த ஆண்டே பேரிடி ஒன்று விழுந்தது. மகர்களைப் படையில் சேர்ப்பதை 1892-இல் அரசு நிறுத்திவிட்டது. படையின் கதவு அடைபட்டால் அதனோடு பள்ளியின் கதவும் அடைபடும் என்பதை அந்தத் தலைமையாசிரியர் உணராதிருப்பாரா? நீதிபதி ரானடேயின் துணையை நாடி, அரசுக்கு முறையீடு ஒன்றை எழுதச் செய்தார். தடை அப்போது நீங்கவில்லை. இனி அவர் கையில் எஞ்சியிருந்தது தாம் கற்ற கல்வி ஒன்றே. அதைத் தம் இல்லத்தில் அணையாமல் காப்பதைத் தம் கடமையாக்கிக்கொண்டார்.

ஓய்வுக்குப் பின் தபோலியிலும், பின்னர் சாதாராவிலும் குடும்பம் வாழ்ந்தது. சாதாராவில் பீமாபாய் மறைந்தார். தாயற்ற பிள்ளைகளை இராம்ஜியின் தமக்கை மீராபாய் வளர்த்தார். இராம்ஜி கோரேகாவில் காசாளராகப் பணிபுரிந்தபோது, 1901-இல், பிள்ளைகள் அவரைக் காணப் புறப்பட்டு மசூர் இரயில் நிலையத்தில் இறங்கினர். அவர்கள் வரும் செய்தி தந்தைக்கு எட்டவில்லை. குலம் தெரிந்ததும் வண்டிக்காரர்கள் மறுத்தனர். இருமடங்கு கூலிக்கு இசைந்தவரும் உடன் வண்டியோட்ட மறுத்து நடந்து வந்தார். குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் அச்சிறுவர்கள் இரவைக் கழித்தனர். கற்றவரின் பிள்ளைகளாயினும் தீண்டாமை அவர்களை விட்டுவைக்கவில்லை.

1904-ஆம் ஆண்டளவில் குடும்பம் பம்பாய் சேர்ந்து, பரேல் பகுதித் தொழிலாளர் குடியிருப்பில் ஒற்றை அறையில் குடியேறியது. பீமராவ் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். இருவரைப் படிக்கவைக்கப் பொருளில்லாமையால் அண்ணன் ஆனந்தராவ் வேலைக்குச் சென்றார். அந்த ஓர் அறையே சமையற்கூடமும் படுக்கையறையும் படிப்பறையுமாக இருந்தது. மகன் முன்னிரவில் உறங்கத் தந்தை விழித்திருப்பார். இரவு 2 மணிக்கு மகனை எழுப்பிப் படிக்கவைத்துவிட்டு, அதன் பின்னரே தாம் கண்ணயர்வார். ஆங்கிலமும் மொழிபெயர்ப்பும் அவரே கற்பித்தார். பாடநூலன்றி வேறு நூல்களையும் மகன் விரும்பிக் கேட்பார். கையில் பணமில்லாதபோது இராம்ஜி மணமான தம் மகள்களிடம் சென்று கடன் கேட்பார். அவர்களிடமும் இல்லையெனில், அவர்களுடைய நகையை வாங்கி அடகு வைத்து நூலை வாங்குவார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் தருவார்.

1907-இல் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேறினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்கக் கல்லூரிப் படிப்பு தொடர்ந்தது. பி.ஏ. முடித்து, 1913 சனவரியில் பரோடாவில் பணியேற்றார். சில நாட்களிலேயே தந்தை நோயுற்ற செய்தி வந்தது. திரும்பும் வழியில், தந்தைக்கு இனிப்பு வாங்கச் சூரத்தில் இறங்கியவர் இரயிலைத் தவறவிட்டு, மறுநாளே பம்பாய் வந்தடைந்தார். பேச்சற்றுக் கிடந்த தந்தையார் மகனைக் கண்டு, முதுகைத் தடவிக்கொடுத்து, 1913 பிப்ரவரி 2 அன்று கண் மூடினார். அதே ஆண்டில் மகன் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றதையோ, அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவரானதையோ அவர் காணவில்லை. பின்னாளில் ரூபாயின் சிக்கல் பற்றித் தாம் எழுதிய பொருளாதார நூலை அண்ணல் தம் பெற்றோரின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

பெற்றோர்களே! இராம்ஜி செல்வரல்லர், ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர். நம் வீடுகளில் நகை அடகுக்குப் போவது புதிதன்று. அது எதற்காகப் போகிறது என்பதே கேள்வி. இளைஞர்களே! உங்கள் படிப்புக்குப் பின்னால் தம் படிப்பை விட்ட ஓர் அண்ணனோ, நகையைக் கழற்றித் தந்த ஓர் அக்காளோ இருக்கக்கூடும். அவர்களை மறவாதீர். நீங்கள் படித்து உயர்ந்தபின், நம் தெருவில் படிக்கும் இன்னொரு பிள்ளைக்காக விழித்திருங்கள். சுபேதார் இராம்ஜிக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவே.