சனியின் வளையம் உணர்ந்த ஹைகன்ஸ்

ஹாலந்து தேசத்து ஹேக் நகரில் 1629-ம் ஆண்டு ஏப்ரல் 14-ம் நாள் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் பிறந்தார். தந்தையார் கவிஞர், அரசியல் அலுவல்களிற் பெரும்புகழ் பெற்றவர். மைந்தரும் அந்நெறியே செல்லுமாறு கருதி அவரைச் சட்டம் பயில விடுத்தார். ஆயினும் இளைஞரின் உள்ளம் கணிதத்திலேயே தோய்ந்து நின்றது.

அக்காலத்து வான நூலாரைச் சனிக்கிரகம் பெரிதும் மயக்கிற்று. 1610-ல் கலிலியோ அதனைத் தூரதிருஷ்டிக் கண்ணாடியால் நோக்கி, இருமருங்கும் இரு சிறு கோளங்கள் நிற்கக் கண்டார். 1612-ல் அவை மறைந்துபோயின. பின்னர்க் கைப்பிடிகள் போன்ற வடிவில் மீண்டும் தோன்றின. இதன் காரணம் அறியாமலே அப்பெரியார் 1642-ல் காலமானார். பின்வந்தோரும் தத்தமக்குத் தோன்றியவாறு படம் வரைந்தனரேயன்றி உண்மை கண்டாரில்லை.

ஹைகன்ஸ் தம் தமையனாருடன் கூடிக் கண்ணாடிச் சில்லுகளைத் தாமே தேய்த்து, பன்னிரண்டடி நீளமுள்ள தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றை அமைத்தார். 1655-ம் ஆண்டு மார்ச் 25-ம் நாள் அதன் வாயிலாகச் சனியின் துணைக்கோள் ஒன்றைக் கண்டார். பிற்காலத்தார் அதற்கு டைட்டன் எனப் பெயரிட்டனர். அது ஏறக்குறைய பதினாறு நாளிற் சனியைச் சுற்றிவந்தது. அங்ஙனமாயின் சனியும் அதனை அடுத்துள்ள பொருளும் இன்னும் விரைவாகச் சுழலுதல் வேண்டும். சுழன்றும் அக்கைப்பிடிகள் நாடோறும் உருமாறவில்லையே! எப்புறம் திரும்பினும் ஒரே தோற்றந் தருவது வளையமன்றி வேறில்லை என அவர் துணிந்தார். அவர் இவ்வாறு தெளிந்த காலத்திற் கைப்பிடிகள் கண்ணுக்குப் புலப்படவேயில்லை என்பது வியத்தற்குரியது.

ஆயினும் அவர் விரைந்து பறைசாற்றினாரல்லர். 1656-ல் தம் கருத்தை எழுத்துப் புதிராக மறைத்து வெளியிட்டு, மேலும் ஆராய்ந்து, 1659-ல் நூலாக விளக்கினார். மெல்லிய தட்டையான வளையம், கிரகத்தை எங்கும் தீண்டாது, சாய்வாகச் சூழ்ந்துள்ளது என்பதே அதன் முடிபு. ரோமாபுரியிற் சிலர் கடுமையாக மறுத்தனர். 1660-ல் பிளாரென்ஸ் நகரத்துக் கழகத்தார் மாதிரி உருவம் செய்து, தொலைவில் வைத்து நோக்கி, அவர் கொள்கை பொருந்துவதாகக் கண்டனர். வளையம் 1671-ல் நம் பார்வைக்கு விளிம்பாக நின்று மறையும் என்றும் அவர் முன்னரே கணித்திருந்தார், அங்ஙனமே நிகழ்ந்தது.

1666-ல் பாரிஸ் நகர் சென்று அறிவியற் கழகத்தில் அமர்ந்தார். நோயால் நலிவுற்று 1681-ல் தாயகம் மீண்டு, 1695-ம் ஆண்டு ஜூலை 8-ம் நாள் உயிர்நீத்தார். வளையத்தைத் திண்ணிய ஒரே பொருளென அவர் எண்ணியது தவறு. அது எண்ணிறந்த சிறு துணுக்குகளாலானதென 1859-ல் மாக்ஸ்வெல் நிறுவினார். அவர் பெயர் தாங்கிய ஆய்வுக்கலம் 2005-ம் ஆண்டு ஜனவரி 14-ம் நாள் டைட்டனில் இறங்கிற்று.

சனியின் படங்களை இன்று பள்ளிச் சிறாரும் இணையத்தின் வாயிலாக நொடிப்பொழுதிற் காண்கின்றனர். ஹப்பிள் தொலைநோக்கி 1995-ல் எடுத்த படத்தில் வளையம் ஒரு கோடாகத் தோன்றும். பின்னாண்டுப் படங்களில் அது விரிந்து காட்டும். ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளும் நம் கலாசாலை மாணவர் அப்படங்களைச் சிறார்முன் வரிசையாக வைத்து, விடை கூறாது, காரணம் யாதென வினவுவாராக. காண்டல் எளிதாகிவிட்ட இந்நாளில், கண்டதனை ஆராய்ந்து தெளியும் பொறுமையே ஹைகன்ஸின் வாழ்வு நமக்களிக்கும் செல்வமாகும்.